புகைக்கு ஒரு வழி

கட்டடம் எரியும்போது மனிதரைக் கொல்வது நெருப்பென்றே நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் முந்திக்கொள்வது புகை. அது மேலேறிக் கூரையின்கீழ்த் தேங்கும். வெளியேற வழியில்லையெனில் கீழிறங்கி நம் மூச்சை அடைக்கும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் இரோக்வாய் நாடக அரங்கு 1903 நவம்பரில் திறக்கப்பெற்றது. அது முற்றிலும் தீப்பற்றாதது என்று விளம்பரம் செய்தனர். டிசம்பர் 30 அன்று, விடுமுறைக் காலப் பகற்காட்சிக்குப் பெண்களும் குழந்தைகளும் திரண்டிருந்தனர். மேடை விளக்கொன்றிலிருந்து திரைச்சீலையில் தீப்பற்றியது. இறக்கப்பட்ட தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. மேடைக் கூரையில் புகைபோக்கும் திறப்புகள் இல்லாமலில்லை. அவை இறுக மூடப்பட்டிருந்தன. நடிகர்கள் தப்புவதற்காகப் பின்கதவைத் திறந்ததும் குளிர்காற்று உட்புகுந்தது. மேலே போயிருக்க வேண்டிய அனலும் புகையும் திரைக்கடியில் நுழைந்து பார்வையாளர்மீது பாய்ந்தன. மாண்டோர் 600-க்கும் மேற்பட்டோர்.

கட்டடமோ நின்றது. பழுதுபார்த்து, வேறு பெயரில் அங்கு மீண்டும் நாடகம் நடத்தினர். அத்தனை சாவுகளுக்கும் எவரும் தண்டனை பெறவில்லை.

மேடைக் கூரைத் திறப்புகள் வெப்பம் பட்டதும் தாமாகவே திறந்துகொள்ள வேண்டும் என்கின்றன இன்றைய அமெரிக்கக் கட்டட விதிகள். திறப்பு இருந்தால் மட்டும் போதாது, வேண்டியபோது அது திறக்கவும் வேண்டும். இவ்வளவு எளிய உண்மைக்கு நாம் கொடுத்த விலை பெரிது.