ஸ்குரூஜ் மாமாவின் கைத்தடி

ரீவி கார்ட்டூனை வைத்துச் செய்த பழைய வீடியோ கேம் என்றாலே பெரும்பாலும் குப்பைதான். பெயருக்காகவே பிள்ளைகள் கேட்பார்கள் என்ற துணிவில் அவசரமாகச் செய்து விற்றவை. 1991 இல் 'சிம்சன்ஸ்' தொடரை வைத்து வந்த 'பார்ட் வெர்சஸ் த ஸ்பேஸ் மியூட்டன்ட்ஸ்' இன் முதற்கட்டத்தில் ஊதா நிறச் சாமான்களைத் தேடித்தேடி நிறம் மாற்றவேண்டும். ஒழுங்காகக் குதிப்பதே பெரும்பாடு!

1989 இல் கெப்கொம் நிறுவனம் நின்டென்டோவுக்குச் செய்த 'டக் டேல்ஸ்' வேறு ரகம். தொடர் அமெரிக்காவின் டிஸ்னியுடையது, 1987 இல் தொடங்கியது. கேமைச் செய்தது ஜப்பானியர். தொக்குரோ ஃபுஜிவாரா, கெய்ஜி இனாஃபுனே என்று 'மெகா மேன்' கேம்களில் வேலைசெய்த ஆட்கள். அவர்கள் கதையை அப்படியே இறக்கவில்லை. கிழட்டுக் கோடீஸ்வர வாத்து ஸ்குரூஜின் கைத்தடியை எடுத்தார்கள். அதை ஊன்றித் துள்ளித்துள்ளிப் போகலாம். எதிரியின் தலையிலும் துள்ளலாம், முள்ளின் மேலாலும் போகலாம். ஒரேயொரு அசைவு, முழு கேமும் அதில் நிற்கிறது. நிலாக் கட்டத்துக்கு ஹிரோஷிகே தொனொமுரா போட்ட மெட்டைப் பற்றி நாங்கள் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டோம், விடுவோம்.

ஆனால் இந்த கேமில் புள்ளிகள் இல்லை, டொலர்தான். அமேசன் காட்டில் இன்கா அரசனின் செங்கோல், ஆபிரிக்கச் சுரங்கத்தில் பெரிய வைரம், இமயமலையில் செங்கிஸ்கானின் கிரீடம். எடுத்தால் எங்களுடையது. அமேசனில் எதிர்ப்படுவது கொரில்லாவும் செடிகளும். செங்கோல் யாருடையது என்று கேட்க ஒருவருமில்லை.

இது ஜப்பானியர் புகுத்தியதல்ல. கார்ல் பார்க்ஸ் 1947 இல் ஸ்குரூஜை உருவாக்கிய பிறகு, காமிக்ஸ்களில் அந்த மாமா தூரதேசப் புதையல்களைத் தேடித்தான் அலைந்தார். 1971 இல் சிலியில் ஏரியல் டோர்ஃப்மன், அர்மாண்ட் மத்தெலார் இருவரும் டிஸ்னி வாத்துக் கதைகளுக்குள் ஏகாதிபத்தியம் இருக்கிறதென்று ஒரு புத்தகமே எழுதினார்கள். 1973 இராணுவப் புரட்சிக்குப் பின் அந்தப் புத்தகத்தை எரித்தார்கள். வாத்துக்காகப் புத்தகம் எரிந்த கதை!

துள்ளும்போது இதெல்லாம் எங்களுக்கு ஞாபகம் வருவதில்லை. கைத்தடி அவ்வளவு நன்றாக வேலைசெய்கிறது. மோசமான கேம் என்றால் நின்று யோசித்திருப்போம்.

2013 இல் இதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். செங்கோலும் வைரமும் அப்படியே. புதிதாக ஒன்று: சேர்த்த காசுக்குள் குதித்து நீந்தலாம்.