கொல்லிமலை நாயும் ஒரு புளியங்கொட்டை ஆராய்ச்சியும்

நாய்க்குக் கொடுக்கக் கூடாத உணவுகள்னு ஒரு பட்டியல் அடிக்கடி கண்ணில் படும். சாக்லேட், காப்பி, வெங்காயம், திராட்சை, சைலிடால் கலந்த சூயிங்கம். உடனே நம்மாளுங்க சொல்றது ஒண்ணுதான்: "எங்க ஊர்ல காலங்காலமா மிச்சம் மீதியைத்தான் போட்டோம். ஒண்ணும் ஆகலையே?"

நியாயமான கேள்விதான். கொல்லிமலையை வச்சு இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அங்கே பழைய சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு. வீட்டுல களி கிண்டினா நாய்க்கும் அதில் ஒரு உருண்டை. வேகவைத்த இந்தத் தானியங்கள்ல நாய்க்கு விஷம்னு எதுவும் இல்லை. ஆக, 'ஒண்ணும் ஆகலை' என்பது அந்தத் தட்டுக்கு உண்மை.

ஆனா தட்டு மாறிடுச்சு. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-கள்ல பக்கத்துச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்னிக்குக் கொல்லிமலையிலும் மிளகுக்கொடியோட காப்பிச்செடியும் நிக்குது. காப்பியில் இருக்கிற கஃபீனும் சாக்லேட்டில் இருக்கிற தியோப்ரோமினும் ஒரே குடும்பம். தியோப்ரோமின் நாயோட உடம்புல பாதி குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும். அதுக்குள்ள இதயம் தறிகெட்டு ஓடும், வலிப்பும் வரலாம்.

அடுத்து மரவள்ளி. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மலையில் மரவள்ளி பரவ, சாமை நிலம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்ல இருந்து அங்கே சிறுதானியங்களைக் காப்பாத்தப் பாடுபட்டது இதனாலதான். பச்சை மரவள்ளியில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கு. நல்லா வேகவைக்காம நாமளும் தின்னக் கூடாது, நாயும் தின்னக் கூடாது.

சரி, இதெல்லாம் புதுசா வந்தவை. நம்ம பழைய சமையல்? வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்னு 1930-லேயே அமெரிக்காவில் எழுதிட்டாங்க. வேகவைத்தாலும் விஷம் போகாது. சோகை தெரியச் சில நாள் ஆகும். அதுக்குள்ள சாம்பாரை யார் ஞாபகம் வச்சிருப்பாங்க?

கதையில் திருப்பம் திராட்சைதான். திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்குதுன்னு 2001-ல் அமெரிக்க விலங்கு விஷ உதவி மையம் ஒன்று எழுதியது. ஏன்னு மட்டும் 20 வருஷம் யாருக்கும் பிடிபடலை. 2021-ல் அதே மையத்துக்காரங்க டார்டாரிக் அமிலத்தைக் கைகாட்டினாங்க. க்ரீம் ஆஃப் டார்ட்டர் போட்டுப் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதே பாதிப்பு வந்ததுதான் துப்பு.

டார்டாரிக் அமிலம் எதில் ஏராளம்? நம்ம புளியில்! 2022-ல் புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களைப் பத்தியும் அறிக்கை வந்துடுச்சு. ஆயிரக்கணக்கான வருஷமா நம்ம அடுப்படியில் இருக்கிற பொருள், நாய்க்கு ஆகாதுன்னு தெரிஞ்சது இப்போதான்.

அப்போ நம்ம பெரியவங்க பொய் சொன்னாங்களா? இல்லீங்க. ரசச் சோத்துல இருக்கிற புளி கொஞ்சம், உருண்டைப் புளி வேற கதை. அதோட, செத்த நாயை யாரும் கணக்கு வைக்கலை. 'சீக்கு வந்து போயிடுச்சு'ன்னு புதைச்சுட்டு அடுத்த குட்டியை எடுத்தோம். அங்கே ஒவ்வொரு போனையும் எழுதி வச்சாங்க. எங்க பொட்டிதட்டும் பாஷையில் சொன்னா, லாக் இருந்ததால பக் மாட்டுச்சு. லாகே இல்லாத இடத்துல 'ஒண்ணும் ஆகலை'ன்னா 'யாரும் பார்க்கலை'ன்னுதான் அர்த்தம்.

அதனால நாய் இதுல எதையாவது தின்னுட்டா, வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே கால்நடை மருத்துவர்கிட்ட ஓடுங்க. எதை, எவ்வளவு, எப்போ தின்னுச்சுன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக்கிட்டுப் போங்க.

உங்க ஊர்ல 'இதை நாய்க்குப் போடாதே'ன்னு பெரியவங்க எதையாவது சொல்லியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. நாமளும் ஒரு கணக்கு ஆரம்பிப்போம் :-)