வாங்கும் உரிமை (பிரிட்டன்)

உள்ளாட்சி மன்றத்தின் வீட்டில் குடியிருக்கும் வாடகைதாரர், அதே வீட்டைச் சந்தை விலைக்குக் குறைவாக வாங்கச் சட்டம் தரும் உரிமை. மன்றங்கள் சில முன்பே தம் விருப்பப்படி வீடுகளை விற்றதுண்டு. பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆட்சியில் வந்த 1980 வீட்டுவசதிச் சட்டம் அதை வாடகைதாரரின் உரிமையாக்கியது. அப்போது 3 ஆண்டு குடியிருந்தவருக்கு 33 விழுக்காடு தள்ளுபடி கிடைத்தது. ஆண்டுக்கு 1 விழுக்காடு கூடி 50 வரை உயர்ந்தது. பின்னர் அடுக்ககங்களுக்கு 70 விழுக்காடு வரை கிடைத்தது.

வங்கிக் கடன் கனவாக இருந்த தொழிலாளர் குடும்பங்கள் பல இதனால்தான் சொந்த வீடு கண்டன. ஆனால் விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதியவை எழவில்லை; விற்ற பணத்தின் பெரும்பகுதியைக் கட்டுமானத்தில் போட மன்றங்களுக்கு அரசே தடை வைத்திருந்தது. திட்டத்தின் பெருங்குறை இதுவே. விற்ற வீடுகள் பல இன்று தனியாரிடம் கூடுதல் வாடகைக்குப் போயிருக்கின்றன.

வாங்கிய 5 ஆண்டுக்குள் விற்றால் தள்ளுபடியைத் திருப்ப வேண்டும்: முதலாண்டில் முழுவதும், பிறகு ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக. அடுக்ககம் வாங்குவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. கிடைப்பது நீண்டகாலக் குத்தகை மட்டுமே. கூரை, மின்தூக்கி பழுதுபார்க்கும் செலவில் பங்கு கேட்டு மன்றம் பெரிய பில்லை நீட்டலாம்.

ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இவ்வுரிமையை நீக்கின. இங்கிலாந்தில் நீடிக்கிறது; ஆனால் 2024 நவம்பரில் தள்ளுபடியின் உச்சவரம்பு வட்டாரத்துக்கேற்ப 16,000 முதல் 38,000 பவுண்டாகக் குறைக்கப்பட்டது.