அஞ்சல் உறையிலிருந்து திரைக்கு: கணித முதுநிலைப் பட்டமும் ஓட்டோ பீட்டர்ஸின் வாசிப்பும்

தொலைநிலைக் கல்வி என்பது கற்பித்தலின் தொழில்மயமான வடிவம் என்று சொன்னவர் ஜெர்மானியக் கல்வியியலாளர் ஓட்டோ பீட்டர்ஸ். 1967இல் அவர் முன்வைத்து 1973இல் விரித்தெழுதிய கருத்து இது. பாடம் எழுத ஒருவர், அச்சிட ஒருவர், விடைத்தாள் திருத்த இன்னொருவர். ஒரே பாடம் ஆயிரம் பேருக்கு. இது ஆலையின் முறை என்றார். ஹாகன் தொலைநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகவும் இருந்தவர் என்பதால் வெளியிலிருந்து ஊகித்துச் சொன்னவர் அல்லர். பின்னாளில் கணினியும் வலைத்தொடர்பும் வந்தபோது, இக்கல்வி தொழில்மயத்துக்குப் பிந்திய வடிவம் எடுக்கும் என்றும் எழுதினார். அஞ்சல் என்றால் ஆலை, இணையம் என்றால் விடுதலை என்ற இந்த வரிசையே நம் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் இன்றும் கேள்வியின்றி ஒப்பிக்கப்படுகிறது. எம்.எஸ்சி. கணிதத்துக்கு இது பொருந்தவில்லை. தலைகீழாகப் பொருந்துகிறது என்றே கருதுகிறேன்.

நான் இதைப் பார்க்கும் இடம் நெற்குப்பை. பயண நூல்களாலும் மாவட்ட வரலாறுகளாலும் அறியப்பட்ட எழுத்தாளர் சோமலெ பிறந்த செட்டிநாட்டு ஊர். சிவகங்கை மாவட்டப் பேரூராட்சி. ஊரில் இருந்துகொண்டே கணிதத்தில் முதுநிலை படிப்பது எப்போது இயலுமானது? மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியை 1971இல் தொடங்கியது. அண்ணாமலை 1979இலும் சென்னை 1981இலும் தொடர்ந்தன. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது 1985இல். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்குரிய அழகப்பச் செட்டியார் 1950இல் இராமானுஜன் கணிதக் கழகத்தை நிறுவி, கணித அறிஞர் டி. விஜயராகவனை இயக்குநராக்கியதும் செட்டிநாட்டுப் பணத்தில்தான். ஆனால் அது சென்னையில் இருந்தது. கணித ஆராய்ச்சிக்குக் கொடை தந்த மண்ணில் பிறந்த மாணவர், அந்தக் கணிதத்துக்காக ஏறத்தாழ 400 கி.மீ. போக வேண்டியிருந்தது.

பீட்டர்ஸுக்குத் திரும்புவோம். அவர் கண்ட ஆலையின் உயிர், பாடப்பொருளின் பெருந்தொகை உற்பத்தி. வணிகவியலிலோ வரலாற்றிலோ அச்சிட்ட பாடப் புத்தகமே படிப்பின் பெரும்பகுதியாக இருக்கலாம். கணிதத்தில் அப்படி அல்ல. ரியல் அனாலிசிஸ் என்றால் ருடின், அல்ஜீப்ரா என்றால் ஹெர்ஸ்டீன், டோபாலஜி என்றால் மங்கரஸ். கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தவரும் இவற்றைத்தான் புரட்டினார், வீட்டில் இருந்தவரும் இவற்றைத்தான் புரட்டினார். ருடினில் ஒரு பக்கம் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். அச்சிட்ட பாடம் அந்த வாரத்தைக் குறைத்துத் தராது. நிறுவலின் மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி ஏன் வருகிறது என்பதைப் படிப்பவர் தாமே எழுதிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பாடம் ஆலையில் தயாரானாலும் படிப்பு கைத்தொழிலாகவே இருந்தது. வேலைப் பிரிவினையைத் தயாரிப்பவர் பக்கமிருந்து எண்ணிய பீட்டர்ஸ், படிப்பவரின் மேசையைப் பார்க்கவில்லை. இதுவே அவர் வாசிப்பின் அடிப்படைக் குறை.

இணையத்திலோ அவர் எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்தது. 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய காணொளிப் பாடத் திட்டமான என்பிடெல், 2017இல் வந்த மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் ஆகியவற்றில் ஒருவர் ஒருமுறை நடத்தும் பாடம் நாடு முழுவதற்கும் போகிறது. ஒரு பட்டப்படிப்பில் ஸ்வயம் வழியாகப் பெறக்கூடிய மதிப்பலகுகளின் வரம்பு 2016இல் 20 விழுக்காடாக இருந்தது. 2021இல் 40 ஆனது. நெற்குப்பையில் இருப்பவருக்கு ஐஐடி பேராசிரியரின் கரும்பலகை வீட்டுக்குள் வந்துவிட்டது. இது பெரும்பேறு; குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெருந்தொகை உற்பத்தி என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது அஞ்சல் உறைக்கு அன்று, இதற்குத்தான்.

அப்படியானால் உண்மையான மாற்றம் எங்கே நேர்ந்தது? அரசு ஆவணங்களின் சொற்களில் என்பது என் எண்ணம். மூன்று வாசகங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். 1995 மார்ச் 1 அரசிதழ் அறிவிக்கை, தொலைநிலைக் கல்விக் குழுவின் ஒப்புதல் பெற்ற பட்டங்கள் மத்திய அரசுப் பணிகளுக்கு ஏற்கத்தக்கவை என்றது. பட்டத்தின் மதிப்பு அங்கே வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது; பட்டம் பட்டத்துக்கு நிகர் என்று சொல்லப்படவில்லை. 2004 மே மாதப் பல்கலைக்கழக மானியக் குழுச் சுற்றறிக்கை நிகர் என்ற சொல்லைக் கொண்டுவருகிறது, ஆனால் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை முன்னிட்டு. அக்குழுவின் 2020 தொலைநிலை, இணையவழிக் கல்வி ஒழுங்குமுறையின் 22ஆம் விதியைச் சுட்டி 2022 செப்டம்பரில் வந்த அறிவிப்பிலோ தொலைநிலை ‘மற்றும்/அல்லது’ இணையவழி என்ற தொடர் வருகிறது. இரண்டும் நேரடி முறைப் பட்டத்துக்கு இணையாகக் கருதப்படும்.

இந்தச் சாய்கோட்டில் நிறுத்திப் படிக்க வேண்டும். 2017இல் தொலைநிலைக்கு ஓர் ஒழுங்குமுறை, 2018இல் இணையவழிக்குத் தனி ஒழுங்குமுறை, 2020இல் இரண்டும் ஒன்று. இரண்டு ஆண்டுகள் வேறு வேறாக நின்றவை ஒரு சாய்கோட்டால் ஒட்டவைக்கப்படுகின்றன. இணையவழி புதுப்பிறவி என்றால் இந்த இணைப்புக்குத் தேவையே இல்லை. அஞ்சல்வழியின் தொடர்ச்சியாகவே சட்டம் அதைக் கண்டது என்பதற்கு இதைவிட நேரான சான்று என் கையில் இல்லை. பொறியியல், மருத்துவம் போன்றவை இந்த வழிகளில் தடுக்கப்பட்டிருக்க, ஆய்வுக்கூடம் வேண்டாத கணிதம் இரண்டு கதவுகளிலும் தடையின்றி நுழைந்ததும் இதோடு சேரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சான்று மெலிதாக இருந்தாலும். பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற செட்டிநாட்டு நகரத்தார் கடைகளின் ஏஜெண்டு, ஐந்தொகையை எழுதி ஊரிலிருக்கும் முதலாளிக்குக் கப்பல் தபாலில் அனுப்புவார். இங்கே அது வரிவரியாகச் சரிபார்க்கப்படும். பெட்டியடிப் பையனாக, அதாவது கடைப் பயிலுநராகப் போனவர் கணக்குப் படித்தது கடையில், மேலாளின் கண் முன்னால். தொலைவிலிருந்து கணக்கு அனுப்புவது, அதை ஒருவர் திருத்துவது, தவறு திரும்பி வருவது என்ற ஒழுங்கு இப்பகுதிக்கு எம்.எஸ்சி.க்கு முன்பே பழகியது. இது வம்சாவளி என்று நிறுவ என்னால் முடியாது; ஒப்புமைதான். ஆனால் திருத்துபவர் இல்லாமல் கணக்கு கணக்காகாது என்பதை அந்த ஒப்புமை காட்டுகிறது. பீட்டர்ஸின் சட்டகத்தில் திருத்துபவர் உற்பத்தி வரிசையின் ஒரு கண்ணி. கணிதத்தில் அவரே ஆசிரியர்.

அஞ்சல்வழி எந்த ஆண்டில் இணையவழியானது என்று ஒரு கோடு கிழிக்க முடியவில்லை. பாடத்தைக் கொண்டு பார்த்தால் 2003; சட்டத்தைக் கொண்டு பார்த்தால் 2018; இணைமதிப்பைக் கொண்டு பார்த்தால் 2020 அல்லது 2022. திருத்துதலைக் கொண்டு பார்த்தால் எந்த ஆண்டும் பொருந்தவில்லை. ஏனெனில் 2020 ஒழுங்குமுறைப்படி தொடர் மதிப்பீட்டுக்கு அதிக அளவாக 30 விழுக்காடு, இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70. மாணவர் எழுதிய நிறுவலை ஒருவர் படித்து, இந்த வரி தவறு என்று குறித்துத் திருப்பித் தருவது அந்த 30க்குள்தான் நடந்தாக வேண்டும். கணிதத்துக்காவது அந்த வரம்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 50 ஆக உயர்த்த வேண்டும்; அசைன்மென்ட் தாள் திருத்தக் குறிப்புகளோடு மாணவர் கைக்குத் திரும்பி வருவதையும் விதியாக்க வேண்டும்.