வென்றவர்கள் வீடு திரும்பும்போது

1956இல் 'த நேஷன்' என்ற அமெரிக்க சஞ்சிகையில் எட்மண்ட் வில்சன் ஒரு நூல் விமர்சனம் எழுதினார். அக்காலத்து அமெரிக்க இலக்கிய உலகில் அவருடைய தீர்ப்புக்குத் தனி மதிப்பு இருந்தது. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். ரொல்கீனின் 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்' அவருக்கு, அளவுமீறி வளர்ந்துவிட்ட சிறுவர் கதையாகவே பட்டது. வளர்ந்தவர்கள் இதை எப்படி ரசிக்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. நாற்பது வருடங்கள் கழிந்து, 1997இல், வோட்டர்ஸ்ரோன்ஸ் புத்தகக்கடைகளும் சனல் 4 தொலைக்காட்சியும் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த நூல் எது என்று பிரித்தானிய வாசகரிடம் கேட்டபோது இதே நூல்தான் முதலிடம் பெற்றது. 2003இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பிலும் அதுவே நடந்தது.

இதற்கு வழமையாகச் சொல்லப்படும் விளக்கம், மக்கள் நிஜ உலகிலிருந்து தப்பியோட விரும்புகிறார்கள் என்பதாகும். இக்குற்றச்சாட்டை ரொல்கீன் முன்கூட்டியே அறிந்திருந்தார். 1939இல் ஸ்கொட்லாந்தின் சென்ற் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் மாயக் கதைகள் பற்றி ஆற்றிய உரையில், இரண்டு விதமான தப்புதல்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார். சிறையில் கிடப்பவன் வீட்டை நினைப்பது வேறு. படையாள் களத்தை விட்டு ஓடுவது வேறு.

இதைச் சொன்னவர் வீட்டை இழப்பதையும் களத்தில் நிற்பதையும் அறிந்தவர். 1892இல் தென்னாபிரிக்காவின் புளும்பொன்ரெயின் நகரில் பிறந்த அவரை மூன்று வயதில் தாய் இங்கிலாந்துக்குக் கூட்டிவந்தார். பின்னால் வருவதாக இருந்த தகப்பன் 1896இல் அங்கேயே இறந்துபோனார். பேர்மிங்ஹாமுக்கு அருகே சேர்ஹோல் என்ற கிராமத்தில், ஒரு மாவாலைக்குப் பக்கத்தில், நான்கு வருடங்கள் வாழ்ந்தார்கள். பிறகு நகரம் அக்கிராமத்தை விழுங்கிவிட்டது. 1904இல், அவருக்குப் பன்னிரண்டு வயதாயிருக்கும்போது, தாயும் இறந்தார்.

1916இல் அவர் பிரான்சின் சொம் நதிக்கரைப் போர்முனைக்கு, லங்காஷயர் பியூசிலியர்ஸ் படைப்பிரிவின் சமிக்ஞை அதிகாரியாகச் சென்றார். யூலை முதலாம் நாள், அந்த ஒரே நாளில், 19,000க்கும் மேற்பட்ட பிரித்தானியப் படையினர் மாண்டனர். அவருடைய பள்ளித் தோழன் றொபேட் கில்சன் அவர்களில் ஒருவர். டிசம்பரில் இன்னொரு தோழன் ஜெஃப்றி சிமித் காயம்பட்டு இறந்தார். காய்ச்சலோடு நாடு திரும்பிய ரொல்கீன், நோய்ப்படுக்கைக் காலத்தில், எதிரியிடம் வீழ்ந்த ஒரு நகரத்தைப் பற்றிய கதையை எழுதத் தொடங்கினார். அவருடைய கற்பனை உலகின் முதற் கதைகளில் ஒன்று இப்படி ஒரு தோல்விக் கதையாகவே பிறந்தது.

'ஹொபிற்' 1937இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக ஆரம்பித்த நாவலை எழுதி முடிக்கப் பன்னிரண்டு வருடங்கள் வரை பிடித்தன. அலன் அன் அன்வின் பதிப்பகத்தார் ஆயிரம் பவுண் நட்டம் வரலாம் என்று கணக்கிட்டே 1954-55இல் மூன்று பாகங்களாக வெளியிட்டனர். 1965இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்புகள் வந்ததும் அது பல்கலைக்கழக மாணவர்களிடையே தீயாய்ப் பரவியது. வியட்நாம் யுத்தத்திற்கு ஆட்சேர்ப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. சோவியத் யூனியனில் தட்டச்சுப் பிரதிகளாகக் கைமாறியது. அதிகாரத்தைக் கைப்பற்றுவதற்காகவன்றி, அதை நெருப்பில் எறிந்து அழிப்பதற்காக மேற்கொள்ளப்படும் ஒரு பயணத்தின் கதை, இரண்டு முகாம்களிலும் வாசகரைக் கண்டுகொண்டது.

இக்கதையின் மீது ஒரு நியாயமான விமர்சனம் உண்டு. ஓர்க் எனப்படும் எதிரிப்படைக்கு முகமில்லை, கொன்றால் அழுவாரில்லை. எதிரியை இப்படிப் பார்க்கப் பழக்கும் இலக்கியம் எவ்வளவு ஆபத்தானது என்பதை யுத்தம் கண்டவர்கள் அறிவார்கள். ஆனால் ரொல்கீன் 1944இல், விமானப்படையில் இருந்த தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், நிஜ வாழ்வில் ஓர்க்குகள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். அந்த உண்மையை நாவலின் இறுதியில் ஓர் அத்தியாயமாகவே எழுதினார். இந்நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மோதிரம் அழிந்து, அரசன் முடிசூடி, எல்லாம் முடிந்தபின் நான்கு ஹொபிற்றுகள் தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்புகிறார்கள். ஊர் ஊராக இல்லை. மரங்கள் தறிக்கப்பட்டுவிட்டன. பழைய ஆலை இருந்த இடத்தில் பெரிய ஆலை நின்று ஆற்றை நாறடிக்கிறது. எங்கு பார்த்தாலும் கட்டளைப் பலகைகள். வெளியார் அடாத்தாக ஆளுகிறார்கள்; ஆனால் அவர்களை உள்ளே விட்டது புரொடோவின் சொந்தக்காரன் ஒருவன். அயலவனைப் பிடித்துக் கொடுக்கும் காவற்காரர்களும் ஹொபிற்றுகளே. சண்டை மூள்கிறது. ஹொபிற்றுகளில் 19 பேர் மடிகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் பின்னாளில் மனனம் செய்யப்படுகின்றன. புரொடோ மட்டும் வாளை உருவுவதில்லை. சரணடைந்தவர்களைக் கொல்லவிடாமல் தடுப்பதே அவனுடைய வேலையாகிறது.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிந்திய இங்கிலாந்தையே இது குறிக்கிறது என்று பலர் எழுதினார்கள். ரொல்கீன் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அதை மறுத்தார். கதையின் இந்த முடிவு தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டது என்றும், தனக்குப் பத்து வயதாகுமுன் தன் பிள்ளைப்பருவத்து நாட்டுப்புறம் அழிந்ததே அதன் ஊற்று என்றும் சொன்னார்.

சாம் மரக்கன்றுகளை நடுகிறான். ஊர் மீண்டும் துளிர்க்கிறது. ஆனால் புரொடோ மீளவில்லை. வருடந்தோறும் காயம்பட்ட அதே திகதிகளில் நோயில் விழுகிறான். ஊரைக் காப்பாற்றினான், தான் அதில் இருப்பதற்காக அல்ல. இரண்டு வருடம் முடியுமுன் கப்பலேறிப் போய்விடுகிறான்.

பீற்றர் ஜாக்சன் நியூசிலாந்தில் எடுத்த மூன்று படங்களும் 2001 முதல் 2003 வரை வருடத்துக்கு ஒன்றாக வந்தன. மூன்றாவது படம் 11 ஒஸ்கார் விருதுகளை வென்றது. அப்படத்தில் இந்த அத்தியாயம் இல்லை. ஹொபிற்றுகள் திரும்பும்போது ஷயர் விட்டுச்சென்றபடியே பச்சையாக இருக்கிறது. மதுச்சாலையில் நால்வரும் உட்கார்ந்திருக்க, அவர்களை யாரும் கவனிக்கவில்லை. புரொடோவின் கப்பற் பயணத்தைப் படம் கைவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மாறாத ஊருக்குள் மாறிப்போன மனிதன் என்பதும் ஓர் உண்மைதான். ஆனால் ஊரும் மாறியிருக்கும் என்ற மற்றப் பாதி விடுபட்டுவிட்டது.

இதற்காக ஜாக்சனை மட்டும் குறைசொல்ல முடியாது. நம்முடைய காவிய மரபிலும் இதே தயக்கம் உண்டு. கம்பன் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டான். சீதை காட்டுக்கு அனுப்பப்படும் உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் தனியே நிற்கிறது. வில்லிபுத்தூரார் பதினெட்டாம் நாள் யுத்தத்தோடு பாரதத்தை முடித்தார். வியாசருடைய பாரதத்திலோ, வென்ற பாண்டவர் பிணக்காட்டுக்கு அரசராகி, கடைசியில் எல்லாவற்றையும் விட்டு வடக்கே நடந்து ஒவ்வொருவராக விழுகிறார்கள். கேட்பவர்கள் முடிசூட்டோடு எழுந்துபோக விரும்புகிறார்கள். சொல்பவனுக்கு அது தெரியும்.

பெருங்கற்பனைக் காவியங்கள் நிலைப்பதற்கு வாளும் மந்திரமும் காரணமல்ல. அவை வேறு எந்த இலக்கிய வடிவமும் துணிந்து தராத ஒரு வாக்குறுதியைத் தருகின்றன: போனவன் திரும்புவான், ஊர் இருக்கும். ரொல்கீன் அந்த வாக்குறுதியை ஆயிரம் பக்கங்களுக்கு வளர்த்து, கடைசியில் அதற்குரிய விலையையும் எழுதிவைத்தார். திரும்பலாம், ஆனால் திரும்பிய பின்னும் வேலை இருக்கும், அதைச் செய்தவர்கள் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்காது.

படத்தை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் வீடுகளில் ஏராளம். அவர்கள் அந்த விடுபட்ட அத்தியாயத்தையும் வாசிக்கவேண்டும். ஊருக்கு ஒருமுறையாவது போய்வந்த பெற்றோருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.