மா தந்தேசுவரி மருத்துவமனை

மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில், கோண்டுப் பழங்குடி மக்களுடன் கலந்துபேசி அமைக்கப்பட்ட மருத்துவமனை. மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர் 1986இல் தொடங்கிய ‘சர்ச்’ (SEARCH) அமைப்பு, தனது ஷோத்கிராம் வளாகத்தில் இதை நடத்துகிறது.

காட்டுப்பகுதி மக்கள் மருத்துவமனைகளைத் தவிர்த்ததற்கு அறியாமையே காரணம் எனச் சொல்லிவிடுவது எளிது. அவர்களிடமே கேட்டபோது தெளிவான காரணங்கள் கிடைத்தன. பெரிய கட்டடம் மிரட்டியது. இறந்தவரைப் போர்த்தும் வெள்ளைத் துணியை உடுத்தியவர்கள் எப்படி உயிரைக் காப்பார்கள் என்ற ஐயம் இருந்தது. நோயாளியை உறவினரிடமிருந்து பிரித்து வைப்பது அவர்களுக்குக் கொடுமையாகப் பட்டது. தங்கள் தெய்வம் இல்லாத இடத்தில் எப்படிக் குணமாகும் என்றும் கேட்டார்கள்.

இந்தப் பதில்களே கட்டட வரைபடத்தைத் தீர்மானித்தன. கோண்டுக் கிராமத்தின் சாயலில், நீண்ட வார்டுகளுக்குப் பதிலாகக் குடில்கள் எழுந்தன. நோயாளியுடன் குடும்பத்தாரும் அவற்றில் தங்கலாம். வளாகத்தில் அவர்கள் வழிபடும் தந்தேசுவரி அம்மனுக்குக் கோயில் உண்டு. மருத்துவமனைக்கும் அவள் பெயரே. பழங்குடி மருத்துவமனை வடிவமைப்பில் இதைவிட நேர்மையான தொடக்கம் அரிது.

கலந்துபேசுதல் கட்டடத்தோடு நிற்கவில்லை. பழங்குடி மக்களின் சுகாதார அவை கூடி, தங்களை வாட்டும் நோய்களில் எவற்றுக்கு முன்னுரிமை தருவது என விவாதிக்கிறது. மருத்துவமனைக்கு வெளியே, கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து ‘சர்ச்’ உருவாக்கிய வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு முறையின் முடிவுகள் 1999இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. பின்னர் அம்முறையை இந்திய அரசு ‘ஆஷா’ எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வழியே நாடெங்கும் ஏற்றது.