பால்வெளி மண்டலத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

சூரியன் இடம்பெற்றுள்ள விண்மீன் மண்டலம் பால்வெளி. தட்டையான வட்டு, நடுவே ஒரு புடைப்பு, இவற்றைச் சூழ்ந்து மூத்த விண்மீன்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள கோள வடிவப் புறப்பகுதி ஆகியவை இதன் கண்ணுக்குப் புலப்படும் உறுப்புகள். எடையில் பெரும்பங்கு, புலப்படாத கரும்பொருளுக்குரியது.

ஆன்ட்ரோமீடா நமக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்பதை எட்வின் ஹபிள் 1920களில் நிறுவும்வரை, மண்டலங்கள் எப்படி உருவாயின என்று கேட்கவே வழியில்லை. பால்வெளியைப் பற்றிய முதல் தெளிவான விடை 1962இல் வந்தது. எக்கன், லிண்டன்-பெல், சாண்டேஜ் மூவரும் 221 விண்மீன்களின் பாதைகளை ஆராய்ந்தனர். இரும்பு போன்ற கனத் தனிமங்கள் குறைந்தவை, அதாவது வயதில் மூத்தவை, நீண்டு ஒடுங்கிய பாதைகளில் வட்டைவிட்டு வெகுதூரம் விலகிச் சென்றன. கனத் தனிமங்கள் மிகுந்தவை வட்டுக்குள்ளேயே ஒழுங்காகச் சுற்றின. எனவே, பெரிய வாயு முகில் ஒன்று குறுகிய காலத்தில் சரிந்து சுருங்கியே மண்டலம் பிறந்தது என்றனர்.

விடை அழகானதுதான், ஆனால் முழுமையானதன்று. புறப்பகுதியில் தொலைவு கூடக்கூடக் கனத் தனிமங்கள் குறையவில்லை என்பதை, அங்குள்ள விண்மீன் கொத்துகளைக் கொண்டு சியர்லும் ஜின்னும் 1978இல் காட்டினர். ஒரே முகில் சரிந்திருந்தால் அந்தக் குறைவு தென்பட்டிருக்க வேண்டும். ஆகவே புறப்பகுதி, தனித்தனியே வளர்ந்த சிறு துண்டுகள் வந்து சேர்ந்து உருவானது என்பது அவர்கள் முடிவு. 1994இல் இதற்கு நேரடிச் சான்றே கிடைத்தது. தனுசு திசையில் ஒரு குறுமண்டலத்தைப் பால்வெளி தன் ஈர்ப்பால் பிய்த்து விழுங்கிக்கொண்டிருப்பது கையும் களவுமாகப் பிடிபட்டது.

பழைய விழுங்கல்களைக் கண்டறிவது இதைவிடக் கடினம். சிதறிய விண்மீன்கள் வானில் எங்கும் கலந்துவிட்டாலும், தம் பழைய வேகத்தையும் வேதியியல் கலவையையும் பெரும்பாலும் இழப்பதில்லை. கயா விண்கலம் 100 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்து 2018இல் வெளியிட்ட தரவில், ஒரே பூர்விகம் கொண்ட பெருங்கூட்டம் ஒன்று சிக்கியது. சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து மோதிய அந்த மண்டலத்துக்குக் கயா-என்செலடஸ் என்று பெயர். சூரியனுக்கு அருகே திரியும் புறப்பகுதி விண்மீன்களில் பெரும்பாலானவை அதிலிருந்து வந்தவையே. மோதலின் அதிர்ச்சியில் பால்வெளியின் சொந்த விண்மீன்கள் பலவும் வட்டிலிருந்து மேலும் கீழுமாக வீசப்பட்டன.

அதன்பின் இத்தனை பெரிய மோதல் நடந்ததற்குச் சான்றில்லை. வாயு அமைதியாகப் படிந்து மெல்லிய வட்டு வளர்ந்தது. சூரியன் பிறந்ததும் அதில்தான், 460 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்றும் ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களின் எடையளவு வாயு, விண்மீன்களாகத் திரள்கிறது.

25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆன்ட்ரோமீடா நம்மை நெருங்கி வருகிறது. மோதல் உறுதி என்றே 2012இல் கணக்கிட்டனர். ஆனால் அடுத்த 1000 கோடி ஆண்டுகளுக்குள் அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிதான் என்கிறது 2025இல் வெளியான ஆய்வு. பால்வெளியின் துணை மண்டலமான பெரிய மெகல்லன் முகில் அதற்கு முன்பே பால்வெளியில் கலந்துவிடக்கூடும்.